உத்தனப்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம்?

பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் உத்தனப்பள்ளிப் பக்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை கம்பெனிக்கு அனுப்புவதா, காலேஜில் சேர்ப்பதா? கம்பெனி வாசலுக்கே பஸ் அனுப்புகிறது. முதல் மாதமே சம்பளம் தருகிறது. கல்லூரிக்கு விண்ணப்பம், தரவரிசை, கலந்தாய்வு என்று அலைய வேண்டியிருக்கிறது. அந்தக் கல்லூரிகளின் மாணவர்களுக்குப் பட்டம் வழங்கும் பெரியார் பல்கலைக்கழகமோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சேலத்தில் இருக்கிறது. அது என்ன, அங்கே என்ன கிடைக்கும், அதில் நமக்கு என்ன உரிமை என்று இந்தப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்ல ஆளில்லை.

விடியற்காலை உத்தனப்பள்ளி கூட்டுரோட்டில் நின்றால் நிலைமை கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிக் கிரேடுகளை ஏற்றிய வண்டிகள். இன்னொரு பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக கம்பெனி பஸ்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பாக்ஸுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். அவர்களில் பலருக்குப் பள்ளி முடித்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. அதே இடத்தில் எட்டு மணிக்கு வந்து நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டம் மிகச் சிறியது. ஓசூருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போகிறார்கள்.

இந்தப் பகுதி மாறிக்கொண்டிருக்கும் வேகம் சாதாரணமானதல்ல. நாகமங்கலம் பக்கம் செல்போன் பாகங்கள் தயாரிக்கும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்துவிட்டது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் புதிய சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் முயற்சியை எதிர்த்து 2023 ஜனவரியில் தொடங்கிய விவசாயிகளின் காத்திருப்புப் போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார்.

ஆலை, சாலை, விமானம் எல்லாம் இந்த மண்ணைத் தேடி வருகின்றன. பல்கலைக்கழகம் மட்டும் வரவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்து உருவானது. இன்றுவரை இந்த இரு மாவட்டங்களிலும் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம்கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு; கிருஷ்ணகிரியில் 71, தருமபுரியில் 68 சொச்சம். கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குத்தான் பல்கலைக்கழகம் தொலைவில் இருக்கிறது.

‘படிச்சிட்டும் அதே கம்பெனிக்குத்தானே?’

உறவுக்காரப் பெண் ஒருத்தி நல்ல மதிப்பெண்ணோடு பிளஸ் 2 முடித்தாள். அவளைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி அவள் அப்பாவிடம் பேசப் போனேன். அவர் எனக்கு மாமா முறை. தக்காளித் தோட்டத்து வரப்பில் நின்றபடியே கேட்டார்: “மூணு வருஷம் படிச்சிட்டும் அதே கம்பெனிக்குத்தானே மாப்பிள்ளை போகப்போறா? இப்பவே போனா மூணு வருஷத்துச் சம்பளம் மிச்சமாச்சே.”

இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கும் நாளையும், பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடும் நாளையும் பார்த்த மனிதர் கேட்கும் கேள்வி அது. மாதாமாதம் கையில் வரும் பணத்தின் அருமை அவருக்குத்தான் தெரியும்.

ஆனாலும் அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். ஒரே ஆலையாக இருந்தாலும் அதற்குள் வேலை இரண்டு வகை. லைனில் நின்று செய்யும் வேலைக்கு இளம் கையும் கூர்மையான கண்ணும் வேண்டும். பதினெட்டு வயதில் எடுப்பார்கள். இருபத்தைந்து, முப்பதில் கல்யாணம், குழந்தை, உடல்வலி என்று வந்ததும் அந்த இடத்துக்கு அடுத்த பதினெட்டு வயதுப் பெண் வந்துவிடுவாள். கணக்கு, கொள்முதல், தரக்கட்டுப்பாடு, மனிதவளம், மேற்பார்வை ஆகிய வேலைகளின் வாசலில் முதலில் கேட்பதே பட்டம்தான். அந்த வேலைகளில் வயது கூடக் கூட மதிப்பும் கூடும்.

ஆலைக்கு வெளியிலும் அப்படியே. குரூப் 2, வங்கித் தேர்வு, மத்திய அரசின் பட்டதாரி நிலைத் தேர்வு எதற்கும் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் பட்டமும் அதன்மேல் பி.எட்.டும் வேண்டும். இருபத்து மூன்று வயதில் இதெல்லாம் புரியும்போது திரும்பிப் போய் முதலாமாண்டு வகுப்பில் உட்கார வீட்டுச் சூழல் விடாது.

இன்னொன்றையும் சொன்னேன். 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் ஒருவர், ஓசூர் பக்கத்துச் செல்போன் ஆலைக்காக ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த ஆறாயிரம் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருப்பதாகப் பேசினார். பிழைப்புக்காக வரும் அந்தப் பெண்கள் மேல் நமக்கு எந்தக் குறையும் இல்லை. லைன் வேலைக்கு ஆள் எங்கிருந்தும் வருவார்கள் என்பதுதான் அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. உள்ளூர்ப் பெண் என்பதற்காக யாரும் நமக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

சேலத்தில் இருக்கும் நம் பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 1997 செப்டம்பர் 17 அன்று உருவானது பெரியார் பல்கலைக்கழகம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் இதன்கீழ் வருகின்றன. தேசிய மதிப்பீட்டுக் குழுவான ‘நாக்’ 2021-ல் இதற்கு ஏ பிளஸ் பிளஸ் தரம் வழங்கியது. அந்த மதிப்பீட்டில் அதுவே மிக உயர்ந்த தரம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பெரியார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. சேரப்போகிறேன் என்று சொல்லும் மாணவர் உண்மையில் சேர்வது ஓசூர் அரசு கலை அறிவியல் கல்லூரியிலோ, கிருஷ்ணகிரி ஆடவர் அல்லது மகளிர் கலைக் கல்லூரியிலோ, ஒரு தனியார் கல்லூரியிலோதான். பாடம் நடத்துவது கல்லூரி. பாடத்திட்டம் வகுப்பது, பருவத் தேர்வு வைப்பது, விடைத்தாள் திருத்துவது, பட்டம் தருவது பல்கலைக்கழகம். தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்தும். அங்கேயும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

எல்லாப் படிப்பும் இதன்கீழ் வருவதில்லை. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மத்திகிரியில் இருக்கும் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பி.எட். படிப்புக்கு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தனியாக இருக்கிறது. விண்ணப்பமும் கலந்தாய்வும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

சேலத்தில் உள்ள வளாகம் பெரும்பாலும் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கானது. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் தொப்பூர் கணவாயைக் கடந்து, ஓமலூரைத் தாண்டி, கருப்பூர் பக்கம் வந்தால் நெடுஞ்சாலையை ஒட்டியே பல்கலைக்கழக வாயில் தெரியும். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல் முதலான துறைகளோடு உணவு அறிவியல், துணி மற்றும் ஆடை வடிவமைப்பு, உளவியல், இதழியல், நிலவியல் என்று பக்கத்துக் கல்லூரிகளில் எளிதில் கிடைக்காத துறைகளும் அங்கே உண்டு. விடுதியும் இருக்கிறது.

நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. தருமபுரியை அடுத்த பைசுஅள்ளியில் இதே பல்கலைக்கழகம் முதுகலை விரிவாக்க மையம் நடத்துகிறது. உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி போகும் பாதைதான் அதற்கும் பாதை. எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்க பெங்களூரு வாடகையை நினைத்துப் பயந்து நின்றுவிடும் பிள்ளை ஒருமுறையாவது அங்கே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் பத்து நிமிடம்

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இப்போது ஒரே இணையவழி விண்ணப்பம். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளையும் பல பாடங்களையும் கேட்கலாம்.

மாமா ஒருவழியாகத் தலையசைத்த மறுநாள் அந்தப் பெண்ணோடு ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். பெரிய வரிசை. விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுக்கும் இளைஞருக்கு ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம்தான். பாடப்பிரிவு கேட்கும் பக்கம் வந்ததும் திரையைப் பார்த்தபடியே “என்ன போடட்டும்?” என்றார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். முன்னால் நின்ற நான்கு பேரும் ‘பி.காம்.’ என்று சொல்லியிருந்தார்கள். அவளும் பி.காம். என்றாள். அவளுக்குப் பிடித்த பாடம் வேதியியல். நான் தோளைத் தட்டிச் சொன்ன பிறகுதான் அதை முதல் விருப்பமாகப் போட்டாள். மூன்று ஆண்டுப் படிப்பும் அதன்பின் வரும் வாழ்க்கையும் அந்தப் பத்து நிமிடத்தில், அறிமுகமில்லாத ஒருவரின் விசைப்பலகையில் முடிவாகின்றன.

விண்ணப்பிக்கும் முன் வீட்டிலேயே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்கிறேன். பி.ஏ. தமிழ் கேட்பவருக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்தும், பி.ஏ. ஆங்கிலம் கேட்பவருக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்தும் தரவரிசை போடுகிறார்கள். மற்ற பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்தான் கணக்கு. ஆகவே மொத்த மதிப்பெண் குறைவு என்று மனம் தளர்ந்திருக்கும் பிள்ளை, மொழிப்பாடத்தில் நன்றாக வாங்கியிருந்தால் அந்த வாசலைத் தட்டலாம்.

பட்டத்தின் பெயரையும் பார்த்துச் சேருங்கள். புதுப்புதுப் பெயரில் வரும் சில பட்டங்கள் ஆசிரியர் வேலைக்கோ சில அரசுப் பணிகளுக்கோ மூலப் பாடத்துக்கு இணையாக ஏற்கப்படுவதில்லை. இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே கல்லூரி முதல்வரிடம் கேட்கலாம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தெரிந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்றுமொழி அடுத்தது. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் செய்த திருத்தத்தின்படி பள்ளிப்படிப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் யோசிக்காமல் ஆங்கிலவழியைத் தேர்ந்தெடுத்தால், பட்டத் தகுதிப் பணிகளில் இந்த உரிமை கைநழுவிப்போகும். ஆங்கிலவழி தவறு என்று சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது, இதர கட்டணங்கள்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு இல்லாமல் இந்தப் பணம் மாதக்கணக்கில் நின்றுபோன வீடுகள் உண்டு. கல்லூரி திறக்கும் முன்பே வங்கிக்குப் போய் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

உள்ளே போனபின் தேர்வு முறை இப்படி: ஒவ்வொரு எழுத்துத் தாளுக்கும் 25 மதிப்பெண் கல்லூரி போடும் அகமதிப்பீடு, 75 பருவத் தேர்வு. வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுதவே விடமாட்டார்கள். முதல் பருவத்தில் ஒரு தாள் அரியர் விழுந்ததும் கல்லூரியை விட்டு நின்றுவிடும் பிள்ளைகள் நம் பக்கத்தில் அதிகம். அரியர் அடுத்த பருவத்தில் எழுதித் தீர்க்கக்கூடிய ஒன்று. அதற்காக வெட்கப்பட்டுப் படிப்பை நிறுத்த வேண்டாம்.

எல்லையோரப் பிள்ளைகளின் தனிக் கணக்கு

இந்த எல்லைப் பகுதிக்கென்று சில சிக்கல்கள் இருக்கின்றன. மாநிலம் முழுவதற்குமான வழிகாட்டிக் கையேடுகளில் அவை இடம்பெறுவதில்லை.

பெங்களூருக்குப் போய்ப் படிப்பது இங்கே புதிதல்ல. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்கு பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிக்குத்தான் போனார். நூறு ஆண்டுகளைத் தாண்டியும் அந்தப் பாதை அப்படியே இருக்கிறது. ஆனால் இன்று எல்லையைத் தாண்டும்போது கூடவே சில உரிமைகளும் உதிர்கின்றன. நம் சாதிச் சான்றிதழின்படி கிடைக்கும் இடஒதுக்கீடு கர்நாடகத்தில் செல்லாது. பிளஸ் 2-க்கு இணையான பி.யு.சி.யை அங்கே படித்துவிட்டு இங்கே பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுக்கு வரும் பிள்ளை இருப்பிடச் சான்றுக்காக அலுவலகங்களைச் சுற்றுகிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் இல்லாமல் போகிறது.

பாடமுறையும் ஒன்றல்ல. புதிய தேசியக் கல்விக் கொள்கையின்படி கர்நாடகம் 2021-ல் நான்காண்டு பட்டத்துக்கு மாறியது. 2024-25-ல் மீண்டும் மூன்றாண்டுக்கே திரும்பியது. இடையில் சேர்ந்தவர்கள் குழம்பிப்போனார்கள். தமிழ்நாட்டில் கலை, அறிவியல் பட்டம் மூன்றாண்டாகவே தொடர்கிறது.

மொழியும் முக்கியம். சூளகிரி, தளி, கெலமங்கலம் வட்டாரங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். காலையில் தெலுங்கில் பேசி, கடையில் கன்னடத்தில் விலை கேட்டு, பள்ளியில் தமிழில் பாடம் படிக்கும் பிள்ளைகள் இவர்கள். தெலுங்கு அல்லது கன்னடவழியில் படித்துவிட்டு வரும் மாணவர் கல்லூரியின் முதல் மாதத்தில் தடுமாறுவது இயல்பு. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் படிக்காமல் வந்தவர்களுக்கு அடிப்படைத் தமிழ்த் தாள் உண்டு. முதல் மொழியாக வேறு எதை எடுக்கலாம் என்பது அந்தக் கல்லூரியில் அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்று மொழி தெரிந்த பிள்ளைக்கு அதுவே ஒரு மூலதனம். மொழிபெயர்ப்பு, மொழியியல் படிக்க விரும்பினால், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திரத்தின் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள்

வீட்டு நிலைமையால் கம்பெனிக்குப் போயே ஆக வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி ஒரு வழி. பெரியார் பல்கலைக்கழகமும், 2002-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதை நடத்துகின்றன.

எல்லைப் பகுதியில்தான் இதில் ஏமாற்று வேலையும் அதிகம். தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சுவர்களில் ‘ஒரே ஆண்டில் பட்டம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் ஷிப்டு முடிந்து வந்து அப்படியொரு சென்டரில் பணம் கட்டினார். தேர்வு என்று ஒன்று நடந்தது. சான்றிதழும் வந்தது. பதவி உயர்வுக்காக அதைக் கொடுத்தபோதுதான் அங்கீகாரம் இல்லாத படிப்பு என்று தெரிந்தது. ஓராண்டு மிகைநேர வேலையில் சேர்த்த பணம் போனது. பணத்தைவிட அவர் நம்பிக்கை போனதுதான் பெரிய இழப்பு. அதன்பின் அவர் படிக்கவில்லை.

எந்தத் தொலைநிலைப் படிப்பானாலும் அந்தக் கல்வியாண்டுக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தப் பாடத்துக்கு அனுமதி தந்திருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். பத்து, பிளஸ் 2, பட்டம் என்ற வரிசையைத் தாண்டி நேரடியாக முதுகலை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் போகவே வேண்டாம். அடிப்படைப் பட்டம் இல்லாத அத்தகைய முதுகலை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

காலியாக நிற்கும் நாற்காலிகள்

பிள்ளைகளைக் கல்லூரிக்கு வாருங்கள் என்று அழைக்கும் நாம், அங்கே என்ன இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

பெரியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதன்பின் நிர்வாகக் குழு பொறுப்பேற்றது. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கா, மாநில அரசுக்கா என்ற வழக்குதான் இதன் பின்னணி. அந்த அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றி 2022-ல் பேரவை நிறைவேற்றிய மசோதாக்கள், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்பட்டன. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நியமனப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அரசியல் சட்ட விவாதம் நடக்கட்டும். உத்தனப்பள்ளி மாணவிக்கு இதனால் என்ன என்று கேட்டால், பதில் இருக்கிறது. புதிய துறை தொடங்குவது, பேராசிரியர் நியமனம், விரிவாக்க மையத்துக்கு நிதி போன்ற நீண்டகால முடிவுகளை எடுக்க முழுநேரத் தலைமை வேண்டும். ஓசூர் பக்கம் ஒரு மையம் வேண்டும் என்று கேட்கப் போனாலும் மனுவை யாரிடம் கொடுப்பது?

கல்லூரிகளிலும் இதே கதைதான். அரசுக் கல்லூரிகளில் பாதிப் பாடத்தைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள். முனைவர் பட்டம் முடித்து, தகுதித் தேர்வும் தேறியவர்கள் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்குப் பதினோரு மாதம் மட்டும் சம்பளம் வாங்கிப் பாடம் நடத்துகிறார்கள். 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவிப்பு வெளியிட்டது. தேர்வு அந்த ஆண்டில் நடக்காமல் தள்ளிப்போனது. லைனில் நிற்கும் தன் பழைய மாணவியின் சம்பளத்தோடு தன் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நிலையில் ஓர் ஆசிரியரை வைத்திருக்கிறோம். அப்படி வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது.

செய்யக்கூடியவை

தருமபுரிக்கு ஒரு விரிவாக்க மையம் சாத்தியமானதைப் போல ஓசூர், சூளகிரி பகுதிக்கும் ஒன்று சாத்தியம்தான். சிப்காட்டுக்கு எடுக்கும் நிலத்தில் ஒரு சிறு பகுதியை அதற்கு ஒதுக்கினாலே போதும். மின்னணுவியல், தரக்கட்டுப்பாடு, தொழிற்சாலை வேதியியல் போன்ற பாடங்களோடு, இந்த மண்ணுக்குரிய மலர்ச் சாகுபடி, காய்கறிப் பதப்படுத்தல் போன்றவையும் அங்கே வேண்டும். ஷிப்டு முடிந்து வருவோருக்காக மாலை வகுப்பும் ஞாயிறு வகுப்பும் இருக்க வேண்டும்.

மையம் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகலாம். ஆனால் நான்கு மாவட்டத்துக்குமாகச் சேலத்தில் நடக்கும் சான்றிதழ் வேலைகளை ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஓர் அரசுக் கல்லூரி அறையில் நடத்தக் கட்டடம் வேண்டாம். இடப்பெயர்வுச் சான்று, மதிப்பெண் பட்டியலின் நகல், உண்மைத்தன்மைச் சான்று இவற்றுக்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து சேலம் போய் வருபவர்கள் எத்தனையோ பேர். மாதம் இரண்டு நாள் பல்கலைக்கழக அலுவலர் இங்கே வந்து உட்கார்ந்தால் அந்த அலைச்சல் தீரும்.

நிலமும் சலுகையும் பெறும் நிறுவனங்களோடு அரசு போடும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம். வேலை செய்துகொண்டே படிக்கும் தொழிலாளருக்குத் தேர்வு நாட்களில் சம்பளத்தோடு விடுப்பு. படிப்பு முடித்தவருக்கு உள்ளேயே அடுத்த நிலைக்கு விண்ணப்பிக்கும் உரிமை. பட்டப்படிப்போடு சேர்ந்த தொழிற்பழகுநர் பயிற்சிக்கு யுஜிசியே வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்திருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகமும் இங்குள்ள ஆலைகளும் சேர்ந்து இரண்டு பாடங்களில் அதைத் தொடங்கிப் பார்க்கலாம். மூன்றாண்டில் பட்டமும் கிடைக்கும், படிக்கும்போதே உதவித்தொகையும் கிடைக்கும் என்றால் மாமா போன்றவர்களின் கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது.

கம்பெனி பஸ் வரும் ஊர்களுக்கெல்லாம் கல்லூரி நேரத்துக்கு ஓர் அரசு பஸ் வேண்டும். அஞ்செட்டி, தளிப் பக்கத்து மலைக்கிராமங்களில் பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பாமல் சிறுவயதிலேயே கட்டிக்கொடுப்பதற்குச் சொல்லும் முதல் காரணம், இருட்டில் எப்படி வீடு திரும்புவாள் என்பதுதான். மாலை ஆறரைக்கு ஒரு பஸ் விட்டால் அந்தக் காரணம் போய்விடும். போக்குவரத்துக் கழகம் வழித்தடத்தை மாற்றியமைத்தாலே செய்துவிடக்கூடிய வேலை இது.

உத்தனப்பள்ளி அரசு மேல்நிலைப் பள்ளி வளாகத்திலும், இதைப் போன்ற ஒவ்வொரு பெரிய ஊர்ப் பள்ளியிலும், தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து விண்ணப்பம் முடியும் நாள்வரை ஓர் உதவி மேசை போடலாம். ஒரு கணினி, ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர், அந்தக் கல்லூரியிலேயே படிக்கும் இதே ஊர் மாணவியர் இரண்டு பேர் போதும். தமிழில் கேட்டால் தமிழிலும், தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலும், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்திலும் அவர்கள் பதில் சொல்வார்கள். மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் வரும் மே மாதத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.